பின்னால் நிற்கிற வேலை

ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கிற சுரேஷ் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "அண்ணே, பெல்ட் வந்திருச்சி" என்றான். கூரையில் தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி போட்டு, அதிலிருந்து வார்ப்பட்டியைத் தொங்க விட்டிருக்கிறார்களாம். நோயாளியின் நெஞ்சிலும் இடுப்பிலும் மாட்டிவிட்டால் அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பட்டியே பிடித்துக்கொள்ளுமாம்.

"இனிமே யாரும் பின்னால நிக்க வேணாம்ணே. நான் ஓரமா நின்னு சுவிட்ச தட்டுறதோட சரி."

"நல்லது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"நீங்க எப்புடிண்ணே அத்தன வருஷம் வெறுங்கையால புடிச்சீங்க? பயமா இருக்கலியா?"

"பயந்துகிட்டேதான்டா புடிச்சேன்."

அவன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். போகும்போது, நலன்புரிச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போனான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் என் மகள் திருத்துவாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிள்ளையாரப்பன் கூட இருக்கட்டும்.

நான் பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கண்டிக்கு வந்து ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை கிடைத்து, சாப்பாட்டு வண்டி தள்ளி, வார்டில் கட்டில் மாற்றி, ஆட்களைத் தூக்கி இறக்கிப் பல வருஷம் ஓடியது. அதையெல்லாம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிசியோதெரபி பிரிவுக்கு ஆள் போதவில்லை என்று என்னை அங்கே அனுப்பினார்கள். அங்கேதான் எனக்கு மேலாக இருந்த தவமலர் மிஸ்ஸைக் கண்டேன்.

மிஸ் யாழ்ப்பாணத்து ஆள். மெலிந்த உடம்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் ஏதாவது வேலை தேடுவோம். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "விளங்கினதோ?" என்று கேட்பார். விளங்கியது என்று தலையாட்டினால் விட மாட்டார். திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும்.

முதல் நாளே எனக்குச் சொன்னார்: "பெருமாள், பின் மண்டைக்குள்ள சின்ன மூளை எண்டு ஒண்டு இருக்கு. அது பழுதாப் போன ஆக்கள் இஞ்ச வருவினம். அவைக்குக் காலில பலம் இல்லை எண்டு நினைக்காதேங்கோ. பலம் இருக்கு. பஸ் சடுதியா பிரேக் போட்டா நீங்கள் யோசிச்சோ கால் வைக்கிறியள்? இல்லைத்தானே. கால் தானா வைக்கும். அவைக்கு அந்தத் 'தானா' இல்லாமப் போச்சு. கால் பிந்தி வரும். வந்தாலும் தேவைக்கு மேல எறிஞ்சு வரும். தாங்கள் விழுறம் எண்டு தெரியிறதுக்கிடையில நிலத்தில கிடப்பினம். உங்கட வேலை அதுக்கிடையில."

இப்படிச் சொல்லிக்கொண்டே எனக்கு முதுகு காட்டித் திரும்பினார். அலுமாரியில் ஏதோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது, பிடித்துவிட்டேன். மிஸ் என் கையில் கிடந்தபடியே, "முந்தித் தொட்டுட்டியள்" என்றார்.

"மிஸ், நீங்க விழுந்துருவீங்கன்னு..."

"விழத்தான் வேணும். கொஞ்சம் விழ விட்டால்தான் உடம்பு தன்ர வேலையைத் தேடும். நீங்கள் முந்தினா அது தேடாது. பிந்தினா மண்டை உடையும்."

"அப்ப எப்பத்தான் மிஸ் புடிக்கிறது?"

"அதை நான் சொல்லித் தர ஏலாது" என்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அதற்கு நடுவில் கண்ணிமைக்கிற நேரம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் பென்ஷன் வரைக்கும் நின்றேன். கால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. முழங்கால் இறுக்கமாக இருக்கக் கூடாது. உள்ளங்கை இரண்டையும் விரித்து, நோயாளியின் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், தொடாமல் வைக்க வேண்டும். செருப்புப் போடக் கூடாது. பேசக் கூடாது. மூச்சு அவர் கழுத்தில் படக் கூடாது. பட்டால், ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில் உடம்பு சோம்பேறியாகிவிடும்.

தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு பஸ் டிரைவர் பல வாரம் நன்றாக நின்றார். எல்லோருக்கும் சந்தோஷம். மிஸ்ஸுக்கு மட்டும் சந்தேகம். ஒரு காலை, யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு நிற்கச் சொன்னார். மனிதர் நிற்க முடியாமல் ஆடிவிட்டார். யன்னல் வெளிச்சத்தில் என் நிழல் அவர் காலடியில் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். "பெருமாள் அண்ணன் பொறத்தால இருக்கார்னு தெரிஞ்சா எனக்கு கண்டிலயிருந்து கொழும்புக்கே நடக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பதும் என் வேலையாகிவிட்டது.

இந்த வேலை வீட்டுக்கும் வந்தது. பேரப்பிள்ளை கதிரையில் ஏறினால் என் கை தானாக விரியும். கோயிலில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற வயதானவரின் முதுகுக்குப் பின்னால் என் கை போய்விடும். "கைய எறக்குங்க, பிக்பாக்கெட்டுன்னு நெனைக்கப் போறாங்க" என்று என் மனைவி திட்டுவாள்.

இனி ஹாஜியாரைப் பற்றி எழுத வேண்டும். இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தவர். ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றே சொல்வார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சின்ன மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைபட்டு வார்டில் கிடந்து, எழுந்து எங்களிடம் வந்தார். பேச்சு கொஞ்சம் இழுக்கும். அறிவு முழுசாக இருந்தது, ஆளைச் சிரிக்க வைக்கிற பகிடியும் முழுசாக இருந்தது. கூட அவர் மனைவி மர்ளியா அம்மா. அவர் ஹாஜியாரின் கையை முழங்கைக்கு மேலே, சட்டையோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். பிடித்த இடத்தில் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது.

மிஸ் அவரை நடுவில் நிற்க வைத்து, முன்னால் நின்று, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெஞ்சில் உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். பலமான தள்ளு இல்லை. நீங்களும் நானும் என்றால் ஒரு கால் பின்னே வைத்து நின்றுவிடுவோம். ஹாஜியார் அப்படியே மரம் சாய்வதுபோல என் கைக்குள் வந்தார். கால் நகரவில்லை. கை எதையும் பிடிக்க எழவில்லை. தொப்பி கழன்று கீழே விழுந்தது. அவரை நிமிர்த்திய பிறகுதான், எப்போதோ வர வேண்டிய வலது கால் சடாரென்று பின்னால் எறிந்து வந்தது.

"பெருமாள், ஒங்கட கை நல்ல மெத்த மாதிரி ஈக்கிது" என்றார் ஹாஜியார்.

மர்ளியா அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அவர்கள் வீடு ரோட்டுக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டின் தலைப்பில் இருந்தது. அந்தப் படியில் இப்படி ஒரு தடவை பின்னால் சாய்ந்தால் போதும், ஆள் மிஞ்ச மாட்டார். ஹாஜியாருக்கோ ஆசை வேறு. வீட்டில் கதிரையில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார். பள்ளிவாசலுக்கு இறங்கிப் போய் நின்று தொழ வேண்டும். "முடியாதவங்க இருந்து தொழலாம், அனுமதி ஈக்கிது. எனக்கு மனசுக்கு ஒப்புதில்ல பெருமாள்" என்பார். எனக்கு அது விளங்கியது. காய்ச்சலோடு படுத்த படுக்கையில் நான் விபூதி பூசிய நாட்களில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டொக்டர் புது மெஷினைக் கொண்டுவந்தார். மண்டையைத் திறக்காமல், வெளியே இருந்து காந்த விசையால் மூளையைத் தட்டி எழுப்புகிற மெஷின். டொக்டர் சிங்களத்தில் நேர்மையாகவே சொன்னார்: சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை, உங்களுக்கு எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஹாஜியார் வியாபாரி, சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். "கரண்ட் பில் ஆருக்கு டொக்டர்?" என்று கேட்டு அவரையும் சிரிக்க வைத்தார். மர்ளியா அம்மா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணன், மூளைக்கி கரண்ட் வெக்கிறதாமே. ஈக்கிற அறிவும் பெய்த்துட்டா நான் என்ன செய்ற?"

"டொக்டர் அப்புடி ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னாருங்கம்மா."

"ஒங்கட வீட்டு ஆள்ண்டா நீங்க வெக்க விடுவீங்களா?"

அதை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

முதல் நாள் காலையில் கோயிலில் வழக்கத்தைவிட நேரம் நின்றேன். ஹாஜியாருக்காக என்றுதான் கேட்டேன். மெஷின் அறையில் கைக்கடிகாரம், மோதிரம், கண்ணாடி, போன் எல்லாவற்றையும் நான் வாங்கி வெளியே வைத்தேன். உடம்புக்குள் எங்காவது இரும்பு இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா என்று மிஸ் ஏற்கெனவே கேட்டதையே திரும்பக் கேட்டார். தலையில் இறுக்கமான வெள்ளைத் தொப்பி ஒன்றைப் போட்டார்கள். பின் மண்டையைத் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கமாக, பேனாவால் அடையாளம் வைத்தார் டொக்டர். காதில் பஞ்சு. மேசையில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்து வைத்தோம். எட்டு இலக்கம் போல் சேர்ந்த இரண்டு வளையம், தடித்த வயரோடு. அதை அடையாளத்தில் வைத்து அழுத்தியதும், டக், டக், டக் என்று மரங்கொத்தி கொத்துகிற மாதிரிச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கழுத்துத் தசை துள்ளியது. தலை அசையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஹாஜியாரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஓதிக்கொண்டிருந்தார். நானும் மனதுக்குள் ஓதினேன். அவரவர் ஓதுவதை அவரவர் ஓதினோம்.

முடிந்ததும் மிஸ் ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. "மெஷினால மட்டும் ஒண்டும் வராது. மூளை இப்ப முழிச்சிருக்கு. கெதியா எழும்புங்கோ, இப்பவே வேலை செய்யோணும்." நிற்க வைப்பது, தள்ளுவது, நான் பிடிப்பது. நாளுக்கு நாள் இதுதான். மரம் சாய்ந்துகொண்டே இருந்தது. சில நாள் கால் விரல் மட்டும் துடிக்கும். நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இன்னிக்கி வெரல் ஆடுச்சி" என்பேன். "யாருக்கு?" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை. ஹாஜியாரும் மனைவியும் வரும்போதே முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. மர்ளியா அம்மா கையில் வட்டிலப்பம், இனிப்புப் பலகாரம். எங்கள் எல்லோருக்கும்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பெய்த்த பெருமாள். மருமகன் கூட்டிட்டுப் போன. கதிர போட்டு வெச்சாங்க, நான் வேணாண்ட. முழுத் தொழுகையும் நிண்டு தொழுத. அசையல்ல. அல்ஹம்துலில்லாஹ், மிஸ், சொகமாகிட்டு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். மிஸ்ஸும் சந்தோஷம் என்றார். ஆனால் ஹாஜியார் அதோடு நிற்கவில்லை. இனி மெஷின் வேண்டாமாம். நாளையிலிருந்து விடிகாலை சுபஹுத் தொழுகைக்குத் தனியாகவே படி இறங்கிப் பள்ளிக்குப் போகப் போகிறாராம்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. மெதுவாக, "எப்பிடி நிண்டனீங்கள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ ஹாஜியார்" என்றார்.

ஹாஜியார் நடுவில் போய் நின்றார். கையைக் கட்டினார். கண்ணைத் தாழ்த்தினார். நான் பின்னால் போய் நின்றேன். யாரும் தள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு வலமும் இடமுமாக ஆட ஆரம்பித்தது. பிறகு பின்னால் வந்தார். அன்று நான் பிந்தித்தான் பிடித்தேன், அவரைப் போல எனக்கும் நம்பிக்கை வந்திருந்தது. முழங்காலில் விழுந்து அவர் முதுகைத் தாங்கினேன்.

எழுப்பி உட்கார வைத்தோம். ஹாஜியார் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு, "பள்ளியில நிண்டதுதானே" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. அங்கே தாங்கிய ஆண்டவன் இங்கே ஏன் கைவிட்டான் என்று நினைத்திருப்பார். நோயைவிட அந்த நினைப்புத்தான் அவரைத் தின்றுவிடும் என்று பயந்தேன்.

மிஸ் அவர் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். "பள்ளியில உங்களுக்கு வலப்பக்கம் ஆர் நிண்டது?"

"மருமகன்."

"இடப்பக்கம்?"

"பக்கத்துக் கடைக்காரர்."

"எவ்வளவு கிட்ட?"

"தோளோட தோள் முட்டித்தான் நிக்கிற. காலோட கால் சேர்த்து. எடவெளி உடப் போடாது." சொல்லச் சொல்லவே ஹாஜியாரின் குரல் இறங்கியது. வியாபாரி, கணக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

மிஸ் வேறொன்றும் பேசாமல் என்னை வலப்பக்கமும், இன்னொரு அட்டெண்டனை இடப்பக்கமும் நிற்கச் சொன்னார். தோளோடு தோள் வைத்தோம். நாங்கள் பிடிக்கவில்லை, தாங்கவில்லை, சும்மா ஒட்டி நின்றோம். ஹாஜியார் நட்ட கல் மாதிரி நின்றார். மிஸ் கண்காட்டியதும் நான் ஒரு துணியின் கனம் அளவு விலகினேன். அவர் ஆடினார். ஒட்டினேன். நின்றார்.

"அப்ப நான் தொழல்ல. ஆக்கள்தான் என்னப் புடிச்சிட்டு ஈந்தீக்கி" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

அது மிஸ் படித்த விஷயம் இல்லை. நான் வாய் திறக்கக் கூடாத ஆள், ஆனாலும் வந்துவிட்டது: "ஹாஜியார், நெருக்கி நில்லுங்கன்னு சொன்னது யாரு? உங்க மார்க்கத்துல இருக்கிறதுதானே. அப்ப புடிச்சது யாருங்க?"

அவர் என் நெற்றியில் இருந்த விபூதியை வெகுநேரம் பார்த்தார். "இவரப் பாருங்க மிஸ், எங்கட பள்ளிக்கி புது மவ்லவி வந்தீக்கிறார்" என்றார். பகிடி வந்துவிட்டது, எனக்கு மூச்சும் வந்தது.

ஆனால் மர்ளியா அம்மா விடவில்லை. இதுவரை சுவரோரம் நின்றவர் வந்து அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போதும் மிஸ். மெஷினும் வேணாம் ஒண்டும் வேணாம். நான் புடிச்சிக்கொள்ற. எனக்கு மவுத் வார வரைக்கும் நான் புடிச்சிக்கொள்ற."

"நீங்கள் பிடிக்கப் பிடிக்க அவற்ற உடம்பு வேலையை உங்களிட்டத் தந்திட்டு இருக்கும் அம்மா."

"நான் உட்டு அவர் மண்ட ஒடஞ்சா? நீங்க வருவீங்களா மிஸ்? எங்கட படியில வந்து நிப்பீங்களா?"

"வர ஏலாது" என்றார் மிஸ். "அதாலதான் கேக்கிறன். மெஷின் முடியிற நாள் வரைக்கும் அவரை எங்களிட்டத் தாங்கோ."

ஹாஜியார் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கையிலிருந்து எடுத்தார். கடுமையாக இல்லை, முள்ளில் மாட்டிய சேலையை எடுக்கிற மாதிரி எடுத்தார்.

அன்றிலிருந்து மிஸ் வழியை மாற்றினார். பள்ளி வரிசையையே பாடமாக்கிவிட்டார். மெஷின் முடிந்த கையோடு இரண்டு பக்கமும் தோள். பிறகு ஒரு பக்கம் மட்டும். பிறகு சட்டை உரசுகிற அளவு. பிறகு அதுவும் இல்லாமல், ஆனால் ஆள் பக்கத்தில். வீட்டிலும் மர்ளியா அம்மா கையைப் பிடிக்கக் கூடாது, தோள் மட்டும்தான் கொடுக்கலாம் என்று உத்தரவு. அந்த அம்மா இளைத்துப்போனார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே ஏதாவது தடால் என்று கேட்டால், விழுந்தது நாற்காலியோ வாளியோ, கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

எனக்கும் தூக்கம் கெட்டது. பக்கத்தில் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நான் பக்கத்தில் நிற்கிறபோது பின்னால் யாரும் இல்லை, தரையில் மெத்தை மட்டும். என் கை அங்கே போகத் துடிக்கும். "பெருமாள், கை" என்பார் மிஸ். இழுத்துக்கொள்வேன். ஹாஜியார் நின்றார், ஆடினார், நின்றார். ஆனால் தள்ளினால் மட்டும் மரம்தான். நிற்கப் பழகுவது ஒன்று, விழும்போது உடம்பு தானாகக் கால் வைப்பது வேறொன்று. அது இல்லாமல் அந்தப் படியில் அவரை விட முடியாது. மெஷினுக்குக் குறித்த நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. பெரிய டொக்டரும் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கடைசி நாள் வந்தது. டக், டக், டக் எல்லாம் முடிந்து ஹாஜியாரை நடுவில் நிறுத்தினோம். மர்ளியா அம்மா உள்ளே வர வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். நான் பழையபடி பின்னால். மிஸ் கடை வியாபாரம் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பெருநாள் சேலை எப்போது வரும் என்ற மாதிரி. ஹாஜியார் பதில் சொல்ல வாயெடுத்தார். மிஸ் தள்ளினார்.

கொஞ்சம் விழ விட்டேன். பிறகு என் கை இரண்டும் மூடின. உள்ளே ஆள் இல்லை. அதே நேரம் என் கால் பெருவிரலில் இடி விழுந்த மாதிரி ஒரு வலி. ஹாஜியாரின் குதிகால். அவர் வலது கால் பின்னே வந்து, என் விரல் மேல் இறங்கி, அங்கேயே ஊன்றி நின்றுவிட்டது. இரண்டு கையும் பக்கவாட்டில் பறவை மாதிரி விரிந்திருந்தன. முகத்தில் ஒரே திகைப்பு. யார் என் காலை எடுத்து வைத்தது என்று கேட்கிற முகம்.

நான் வலியை வாயில் போட்டு மென்றுகொண்டு பேசாமல் நின்றேன். சத்தம் போட்டால் அது போய்விடுமோ என்று பயம்.

"இன்னொருக்கா" என்றார் மிஸ்.

இரண்டாம் தடவையும் கால் வந்தது. மூன்றாம் தடவை பிந்திவிட்டது, என் கைக்குள் வந்தார். நான்காவது வந்தது. மர்ளியா அம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இது நெலச்சி நிக்குமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத் தெரியாது அம்மா. ஒவ்வொரு நாளும் செய்விக்கோணும்."

மெஷினாலா, தோளாலா என்று பிறகு நான் மிஸ்ஸிடம் கேட்டேன். அதுவும் தெரியாது என்றார். அதே மெஷினில் இருந்த வேறு சிலருக்கு ஒன்றும் வரவில்லை. ஆகவே நான் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். கேட்டதற்கு அவன் கொடுத்தான் என்பது என் நம்பிக்கை. மற்றவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அன்று அவர்களை வழியனுப்ப வெளிவாசல் வரை நொண்டிக்கொண்டு போனேன். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் அகலமான சிமெந்துப் படி, மழை பெய்து ஈரமாக இருந்தது. ஹாஜியார் காலை அகட்டி வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். மர்ளியா அம்மா பக்கத்தில், உத்தரவுப்படி கை பிடிக்காமல். நான் மேலே வாசலில், எட்டாத தூரத்தில் நின்றேன்.

பாதிப் படியில் அவர் செருப்பு வழுக்கியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் இடது கால் மேல் படியைத் தேடிப் போய் ஊன்றியது, ஒரு கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்தது. தொப்பி மட்டும் உருண்டு கீழே போனது. அவர் நின்றார்.

மர்ளியா அம்மாதான் ஈரப் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை மாதம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார்.

ஹாஜியார் கம்பியை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். கம்பியில் ஒரு கை இருந்தது. ஆடுகிற மற்றக் கையை அவரிடம் நீட்டினார்.

"எழும்பு மர்ளியா. பஸ் உட்டுட்டு பெய்த்துரும்."